பர்கர் கடையும் வெங்காய வயலும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராமக் கைத்தொழில்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே நாம் குறிப்புகள் எழுதி வந்தோம். ஆயினும் நேற்று மாலை கூட்டம் கலையும் நேரத்தில், பின் வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "நகரத்துச் சாப்பாட்டுக் கடைகள் டன் கணக்கில் வெங்காயமும் தக்காளியும் வாங்குகின்றன. அதில் நம் ஊர்க் காய் ஒரு கூடையாவது போகிறதா? போகவில்லையென்றால் குற்றம் யாருடையது?" என்பது அவர் வினா. அப்போது நம்மால் சரியான விடை கூற இயலவில்லை. இரவெல்லாம் அதே சிந்தனையாக இருந்து, இன்று குறிப்புகளை ஒதுக்கி வைத்துவிட்டு, வேறொரு நாட்டில் நடந்த செய்தி ஒன்றைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அந்த நாடு பிலிப்பைன்ஸ். பெயர் அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் நம் வயல்களுக்கு அது அந்நியமன்று. ஐ.ஆர். 8 என்றும் ஐ.ஆர். 20 என்றும் நாம் நட்ட நெல் ரகங்கள் அங்குள்ள லோஸ் பான்யோஸ் என்னும் ஊரில், 1960-ல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. ஐ.ஆர். 8 வெளியானது 1966-ல். அது கண்ட விளைச்சலில் மகிழ்ந்து, தம் மகனுக்கே அந்நெல்லின் பெயரை வைத்த தமிழ்நாட்டு விவசாயியும் உண்டு. அப்படிப்பட்ட நாடு இன்று தன் மக்களுக்குப் போதிய அரிசி இல்லாமல், உலகிலேயே மிகுதியாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்றாக இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம். விதை பிறந்த இடத்திலேயே களஞ்சியம் நிறைந்துவிடும் என்பதற்கு உறுதி ஒன்றுமில்லை.

நாம் சொல்லப் போவது நெல்லைப் பற்றியன்று, பர்கரைப் பற்றி. பன் ரொட்டியைக் குறுக்கே பிளந்து, கொத்திய இறைச்சியை வடை போலத் தட்டிச் சுட்டு நடுவில் வைத்து, வெங்காயமும் சாந்தும் சேர்த்துக் கையில் கொடுப்பதே பர்கர் ஆகும். அமெரிக்க ஆட்சி அரை நூற்றாண்டு அளவு நிலவிய நாடாகையால் அங்கே இவ்வுணவு வேர் பிடித்துவிட்டது. நம்மில் பலர் அவ்விறைச்சியைத் தொடாதவர்கள். அதனை உண்ணுமாறு யாரையும் நாம் அழைக்கவில்லை. வியாபாரம் வளர்ந்த விதத்தையும், அதற்குள் சிறு விவசாயி ஒருவன் நுழைந்த விதத்தையும் மட்டுமே பார்க்கப் போகிறோம்.

டோனி டான் காக்டியோங் என்பவர் சீனத்திலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பிள்ளை. தந்தையார் சமையற்காரர், பின்னர் டவாவ் நகரில் உணவுக் கடை வைத்தவர். மகன் இரசாயனப் பொறியியல் படித்தார். 1975-ல், தமது 22-ஆம் வயதில், மணிலாவை ஒட்டிய கேஸான் நகரத்தில் குபாவ் என்னும் சந்தடி மிக்க பகுதியில் ஐஸ்கிரீம் கடை ஒன்றைத் திறந்தார். அதுவும் சொந்தப் பெயரில் அன்று. பெயர் பெற்ற ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் பெயரை உரிமம் பெற்று நடத்தினார். வந்தவர்கள் ஐஸ்கிரீமை உண்டபின், "சூடாக ஏதேனும் உண்டா?" என்று கேட்கலாயினர். பர்கரும் வேறு சில பண்டங்களும் செய்து வைத்தார்கள். சில நாட்களுக்குள் ஐஸ்கிரீமைக் காட்டிலும் பர்கர் அதிகமாக விற்றது. இந்த இடத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தாம் விற்க நினைத்ததை விட்டுவிட்டு, ஜனங்கள் கேட்டதை விற்க முன்வந்தார் அவர். 1978-ல் ஐஸ்கிரீம் பெயர்ப்பலகையை இறக்கிவிட்டு, தேனீயைச் சின்னமாகக் கொண்ட ஜாலிபீ என்னும் பெயரில் கம்பெனியைப் பதிவு செய்தார். ஓயாமல் உழைப்பதும் இனிப்பைச் சேர்ப்பதும் தேனீயின் குணம் அன்றோ!

மூன்றே ஆண்டுகளில் பெரும் சோதனை வந்தது. 1981-ல் உலகெங்கும் கிளை பரப்பிய மெக்டொனால்ட்ஸ் கம்பெனி மணிலாவுக்கு வந்தது. பணம், விளம்பரம், அனுபவம் ஆகிய எதிலும் அதனுடன் மோத இயலாது என்று நண்பர்கள் கருதினர். எதிர்த்து நிற்பதைவிட அக்கம்பெனியின் உரிமத்தையே வாங்கிக் கொள்ளலாமே என்று யோசனை கூறியவர்களும் உண்டு. அவர் இணங்கவில்லை. வந்தவரிடம் இல்லாதது ஒன்று தம்மிடம் உண்டு என்று அவர் கணக்கிட்டார். அது உள்ளூர் நாக்கு. பிலிப்பைன்ஸ் மக்கள் சற்றே இனிப்புக் கலந்த சுவையை விரும்புபவர்கள். ஆகவே பர்கரும் இனிப்பாயிற்று. இத்தாலிய நாட்டு ஸ்பகெட்டியும் இனிப்பாயிற்று. மேலும் அவர்கள் நம்மைப் போலவே, சோறு உண்ணாவிட்டால் சாப்பிட்டதாகவே கொள்ளாதவர்கள். எனவே பொரித்த கோழியுடன் ஒரு பிடி சோற்றைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்து, மேலே ஊற்றிக்கொள்ளக் குழம்பும் வைத்துக் கொடுத்தார்கள். பர்கர் கடையில் சோறு என்றால் அமெரிக்கர் நகைத்திருக்கக்கூடும். ஆனால் பின்னாளில் மெக்டொனால்ட்ஸே அந்நாட்டில் சோற்றை விற்க வேண்டி வந்தது.

1983-ல் எதிர்க்கட்சித் தலைவர் அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நாட்டில் குழப்பமும் பணமுடையும் ஏற்பட்டன. அயல்நாட்டு முதலாளிகள் தயங்கி நின்றனர். ஜாலிபீயோ கடைகளைப் பெருக்கிற்று. 1993-ல் அதன் பங்குகள் பங்குச் சந்தைக்கு வந்தன. அதன் பின்னர் 1994-ல் கிரீன்விச், 2000-ல் சௌகிங், 2005-ல் ரெட் ரிப்பன், 2010-ல் மாங் இனசால் என்று உள்நாட்டு உணவுக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. 2019-ல் அமெரிக்கக் காப்பிக் கடைக் கம்பெனி ஒன்றையே 35 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வெளிநாட்டில் வைத்த கடைகள் யாவும் வெற்றி பெற்றன என்று எண்ண வேண்டாம். 1986-ல் தைவானில் திறந்த கடை நிலைக்கவில்லை. தன் நாட்டார் பிழைப்பு நாடிச் சென்று குடியேறிய ஊர்களில் கடை வைத்தபோதே கூட்டம் வந்தது.

இது பெருமுதலாளியின் கதை, நமக்கு இதனால் என்ன என்று தோன்றலாம். அந்நாட்டுத் தெருவோரத்தில் இதற்கும் மலிவான பர்கர் உண்டு. பர்கர் மெஷின், மினிட் பர்கர், ஏஞ்சல்ஸ் பர்கர் என்றெல்லாம் பெயர் கொண்ட பெட்டிக்கடைகளில் அதனை விற்கிறார்கள். ஜீப்னி வண்டிகள் நிற்குமிடம், மூன்று சக்கர வண்டி நிறுத்தம், பள்ளிக்கூட வாயில், சந்தை முகப்பு என ஜனங்கள் கூடும் இடமெல்லாம் அவற்றைக் காணலாம். உட்கார மேசை கிடையாது. பெரிய சமையற்கட்டு கிடையாது. ஒரு சூட்டுத் தகடும் ஒன்றிரண்டு ஆட்களுமே அவற்றின் மூலதனம். பல கடைகள் இரவும் பகலும் மூடுவதில்லை. இரவு வேலை முடித்து வரும் தொழிலாளிக்கு அந்த நேரத்தில் வேறு என்ன கிடைக்கும்? ஒன்று வாங்கினால் இன்னொன்று இனாம் என்பது அவற்றின் வழக்கமான வியாபார முறை. உண்மையில் இனாம் ஏதுமில்லை. இரண்டின் விலையையும் ஒன்றின் மேல் ஏற்றிச் சொல்கிறார்கள். எனினும் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றை வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் அதனால் உண்டாயிற்று. ஏழையின் மனம் அறிந்து செய்த ஏற்பாடு என்றே அதனைக் கூறுவோம்.

இனி, வந்த காரியத்தைப் பார்ப்போம். இந்தப் பர்கர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் அதில் பிலிப்பைன்ஸ் விவசாயியின் பங்கு எவ்வளவு? பன் ரொட்டி கோதுமை மாவில் ஆனது, அந்நாட்டிலோ கோதுமை விளைவதில்லை என்றே சொல்லலாம், கப்பலில் வருகிறது. மாட்டிறைச்சியிலும் பெரும் பகுதி அயல்நாட்டுச் சரக்கு. பதனிட்ட இறைச்சி செய்யும் அந்நாட்டு ஆலைகளுக்கு நம் இந்தியாவிலிருந்தே எருமை இறைச்சி ஏற்றுமதியாகிறது. எஞ்சுபவை வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த கலமான்சி முதலியனவே. இவற்றையும் சிறு விவசாயியிடம் நேரே வாங்கும் வழக்கம் முன்னர் இருக்கவில்லை. வியாபாரிகள் சேகரித்துக் கொடுப்பார்கள்; கம்பெனி வாங்கும். வியாபாரியே விவசாயிக்கு விதைப்புக் காலத்தில் கடன் கொடுப்பவர். ஆதலால் விளைந்ததை அவர் சொன்ன விலைக்கு அவரிடமே கொடுக்க வேண்டும். இதனை நாம் விவரிக்கத் தேவையில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் தாங்கள் நம்மைக் காட்டிலும் நன்கு அறிவீர்கள்.

2004-ல் ஜாலிபீ கம்பெனி தன் பெயரில் ஓர் அறநிறுவனத்தை அமைத்தது. அந்நிறுவனம் கத்தோலிக்க நிவாரண சேவை என்னும் தொண்டு நிறுவனத்துடனும், அரசாங்கத்தின் தேசிய வாழ்வாதாரக் கழகத்துடனும் சேர்ந்து 2008-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. சிறு விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து, கம்பெனியின் சமையற்கூடங்களுக்கு வேண்டிய காய்கறிகளை அவர்களே நேராக அனுப்பச் செய்வது அதன் நோக்கம். முதலில் இறங்கியவர்களில் லூசான் தீவின் நுயேவா எசிஹா மாகாணத்து சான் ஹோசே நகரைச் சார்ந்த வெங்காய விவசாயிகளும் அடங்குவர். அம்மாகாணம் நம் தஞ்சையைப் போல் நெற்களஞ்சியம். நெல் அறுத்த வயலிலேயே, குளிர்ந்த பருவம் தொடங்கும் போது வெங்காயம் நட்டு, கோடைக்கு முன் எடுத்து விடுவார்கள். அவ்விவசாயிகள் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் கலாசாக். அவர்கள் மொழியில் அதற்குக் கேடயம் என்று பொருள்.

அவர்களுக்குக் கற்பித்த முறையில் எட்டுப் படிகள் உண்டு. அவை அனைத்தையும் ஒப்புவித்துத் தங்களைக் களைப்படையச் செய்ய நாம் விரும்பவில்லை. நமக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் சற்று விரிவாகக் கூறுகிறோம். விவசாயி நடுவதற்கு முன்பே சந்தைக்குப் போக வேண்டும் என்பது அது. சரக்கு விற்கப் போவதன்று. கேள்வி கேட்கப் போவது. தன் ஊர் வெங்காயம் எவர் கை மாறி, எந்த ஊர் போய், ஒவ்வொரு கையிலும் எவ்வளவு விலை ஏறி, கடைசியில் எவர் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்பதை விவசாயிகளே பல பேராகச் சென்று விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். வாங்குபவன் எந்த அளவுள்ள காயைக் கேட்கிறான், எதைத் தள்ளுகிறான், பணம் எத்தனை நாளில் தருகிறான் என்பதையெல்லாம் அவன் வாயிலிருந்தே கேட்க வேண்டும். விவசாய இலாகா உத்தியோகஸ்தர் விசாரித்து அறிக்கை கொடுத்தால் ஆகாதா என்றால், ஆகாது. உத்தியோகஸ்தராகிய நாமே இதனை ஒப்புக்கொள்கிறோம். தான் கேட்டறிந்த விலைதான் விவசாயியின் மனத்தில் தங்கும்.

அதற்குப் பின்னரே குழு. பக்கத்து வயல்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு குழு. பல குழுக்கள் சேர்ந்து ஒரு சங்கம். எந்த ரகம், எந்த வாரம் நடவு, எவர் எவ்வளவு தருவது என்று முன்கூட்டியே திட்டம் எழுதிக்கொள்வார்கள். எடுத்த எடுப்பில் பெரிய அளவு கொடுப்பதில்லை. முதலில் சிறிதளவு சரக்கை அனுப்பிப் பார்த்து, எங்கே குறை என்று கண்டு திருத்திக்கொண்ட பின்னரே அளவைக் கூட்டுவார்கள். இந்த வெள்ளோட்டத்தை அற்பமாக எண்ணிவிடலாகாது. நம் ஒன்றியத்திலேயே சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவினர் நகரத்து உணவு விடுதி ஒன்றுக்கு முதல் தடவையே ஒரு லாரி தக்காளி ஏற்றி அனுப்பினார்கள். அடியில் பச்சையும் மேலே பழமுமாகக் கலந்திருந்தது என்று கூறி, லாரியை அப்படியே திருப்பிவிட்டார்கள். போக வர வாடகை, குழுவின் தலையில்! வெள்ளோட்டமாகப் பத்துக் கூடை அனுப்பியிருந்தால் பத்துக் கூடை நஷ்டத்தோடு பாடம் முடிந்திருக்கும். அன்று அவ்யோசனையைச் சொல்ல நமக்கும் தெரியவில்லை என்பதை மறைப்பானேன்?

ஒரே அளவு, ஒரே காய்ச்சல், ஒரே நாள் என்னும் இந்த ஒழுங்குதான் பெருங்கடைகள் கேட்பது. ஆயிரம் கடையிலும் ஒரே ருசி வர வேண்டுமானால் காயும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். தனி ஒரு விவசாயி இதனைச் செய்ய இயலாது, சங்கம் செய்யலாம். பொறுக்கித் தரம் பிரிக்கும் களமும், எடைத் தராசும், நேர்மையாக எழுதப்படும் கணக்கும் இருந்தால் போதும். கழித்துப் போட்ட காய்க்கும் உள்ளூர்ச் சந்தையில் விலை உண்டு. அதற்கும் தனிக் கணக்கு இருக்க வேண்டும். இல்லையேல் சங்கத்தில் மனத்தாங்கல் அங்கிருந்தே தொடங்கும்.

இதுவரை இனிப்பாகவே சொன்னோம். கசப்பையும் சொல்ல வேண்டும். 2016-ல் நுயேவா எசிஹாவின் வெங்காய வயல்களில் படைப்புழு இறங்கி, பல ஊர்களில் பயிரை மேய்ந்து தீர்த்தது. புயல் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. ஒப்பந்தம் எழுதியிருக்கிறோம் என்பதற்காகப் புழு பார்த்து நடந்துகொள்ளாது. கடன் வாங்கி நட்டவர் நிலை என்னாகும் என்பதை ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே பேசித் தீர்க்க வேண்டும்.

மற்றொரு சோதனை விலையினால் வருவது. 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் மணிலாவில் வெங்காயம் கிலோ 600, 700 பெசோ வரை விற்றது. கோழியையும் பன்றி இறைச்சியையும் மிஞ்சிய விலை. திருமணத்தில் மலர்ச்செண்டுக்குப் பதில் வெங்காயக் கொத்தைப் பிடித்து நின்ற மணப்பெண்ணைப் பற்றிக்கூடப் பத்திரிகைகள் எழுதின. விவசாயிக்குப் பொற்காலம் என்று நினைப்பீர்கள். இல்லை. அறுவடைக் காலத்தில் கிடைத்த விலைக்கு விற்று முடித்து அவர்கள் பல மாதங்கள் ஆகியிருந்தன. குளிர்பதனக் கிடங்கில் அடுக்கி வைத்திருந்தவர்களுக்கே அவ்விலை. அரசாங்கம் ஜனவரியில் 21,000 டன்னுக்கு மேல் இறக்குமதி செய்ய அனுமதி அளித்தது. புதிய அறுவடை வீட்டுக்கு வரும் வேளை அது. நுகர்வோருக்கு இரக்கம் காட்டியதைக் குறை கூறோம். ஆனால் காலம் பார்த்துச் செய்யாத உதவி மற்றொருவன் வயிற்றில் அடிக்கும்.

இப்போது தங்களை ஒன்று கேட்கிறோம். கம்பெனிக்குக் கிலோ 20 ரூபாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அறுவடையன்று சந்தையில் 35 ரூபாய். வயல் வரப்பில் வியாபாரி ரொக்கத்துடன் நிற்கிறார். என்ன செய்வீர்கள்? சிரிக்கிறீர்கள், பதில் தெரிகிறது. அடுத்த ஆண்டு சந்தை விலை 8 ரூபாய்க்கு இறங்கும்போது 20 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்று கம்பெனியின் கதவைத் தட்டுவது எந்த முகத்தோடு? எனினும் முழுப் பாரத்தையும் விவசாயி மேல் வைப்பதும் நியாயமன்று. விளைச்சல் முழுவதையும் ஒப்பந்தத்தில் கட்டாமல், ஒரு பகுதியைச் சந்தைக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம். சந்தை விலை மிகவும் ஏறினால் ஒப்பந்த விலையும் ஓரளவு ஏறும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். இவை கேட்டால்தான் கிடைக்கும். சங்கமாக நின்று கேட்க வேண்டும்.

கம்பெனிகளைத் தெய்வமாகவும் எண்ண வேண்டாம். 2014 ஆகஸ்டில் ஜாலிபீ தன் கணக்கையும் சரக்கு அனுப்பும் முறையையும் புதிய கணிப்பொறி ஏற்பாட்டுக்கு மாற்றிய போது, சரக்கு போய்ச் சேராமல் 72 கடைகளைத் தற்காலிகமாக மூட நேர்ந்தது. பெயர் பெற்ற கோழியே கடையில் இல்லை என்று ஜனங்கள் நகைத்தனர். அப்படி ஒரு கம்பெனி கொள்முதலை ஒரு வாரம் நிறுத்தினால், அழுகும் சரக்கைக் கையில் வைத்திருப்பவன் கதி என்ன? 2018-ல், இடைத்தரகர் மூலம் வேலைக்கு வைத்திருந்த 6,482 தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்று அந்நாட்டுத் தொழில் இலாகா அக்கம்பெனிக்கு உத்தரவிட்டது. ஆகவே ஒரே வாசலை நம்பி வயல் முழுவதையும் நடுவது விவேகமன்று.

பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை என்று உறுப்பினர்கள் கேட்கலாம். அந்நாட்டில் சுமார் 42,000 பரங்காய்கள் உண்டு. பரங்காய் என்பது நம் கிராமப் பஞ்சாயத்து போன்றது. 1991-ல் இயற்றிய உள்ளாட்சிச் சட்டத்தினால் விவசாய விரிவாக்கப் பணியே மத்திய அரசாங்கத்திடமிருந்து நகராட்சிகளின் பொறுப்புக்கு வந்துவிட்டது. நாம் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தைச் செய்ததும் அதற்கு அடுத்த ஆண்டுதான். நாம் சொன்ன எட்டுப் படிகளில் முதற்படியே ஊராட்சியையும் கடன் தரும் நிறுவனத்தையும் தொண்டு நிறுவனத்தையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைப்பதாகும். களம் அமைக்க இடம், வண்டி போகப் பாதை, தரம் பிரிக்கக் கூரை ஆகியவற்றை விவசாயி தனியே தேட முடியாது; கம்பெனி தேடித் தராது. ஊராட்சி கொடுக்கலாம். விலை பேசும் இடத்தில் மட்டும் ஊராட்சி உட்காராமல் இருப்பது நல்லது என்பது நம் அபிப்பிராயம். தேர்தல் வரும், போகும். விலைப் பேச்சில் கட்சி புகுந்தால் சங்கம் மிஞ்சாது.

நேற்றுக் கேட்ட பெரியவர் இன்றும் வந்திருக்கிறார் என்று காண்கிறோம். ஐயா, குற்றம் யாருடையது என்று கேட்டீர்கள். ஓரளவு கடைக்காரருடையது; ஓரளவு உத்தியோகஸ்தராகிய நம்முடையது. தங்கள் ஊர் வெங்காயம் எந்த ஊர்க் கடைக்குப் போய்ச் சேருகிறது என்று தாங்களும் இதுவரை பின்தொடர்ந்து சென்று பார்த்ததில்லை அல்லவா? வரும் வெள்ளிக்கிழமை சந்தை நாள். விடியற்காலை 4 மணிக்கு ஒன்றிய அலுவலகத்து வண்டி புறப்படும். எட்டுப் பேருக்கு இடம் உண்டு. விலை கேட்டு எழுதிக்கொள்ள நோட்டுப் புத்தகம் நாம் கொண்டு வருகிறோம். வர விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் கிராம சேவகரிடம் பெயர் கொடுக்கலாம். பெண்கள் இருவராவது அதில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். காயைக் கையில் எடுத்துப் பார்த்துத் தரம் சொல்வதில் அவர்களுக்கு நிகர் இல்லை.